இரண்டாவது பற்றறி பாட்டைக் கூட்டாது

"அண்ணை, பேஸ் அடிக்கேக்க லைற் மங்குதெண்டா ரெண்டாவது பற்றறி ஒண்டைப் போடுங்கோ. எல்லாம் சரிவரும்."

யாழ்ப்பாணத்தில் வாகனத்துக்குப் பெரிய சவுண்ட் சிஸ்டம் பூட்டிய எவரும் இந்த ஆலோசனையைக் கேட்காமல் தப்பியிருக்க மாட்டார். ஸ்பீக்கர் விற்கிறவர் சொல்கிறார். வயரிங் செய்கிறவர் சொல்கிறார். ரியூசன் முடிந்து மதிலோரம் நிற்கிற பெடியனும் சொல்கிறான். இத்தனை பேர் சொல்வதால் அது உண்மையாகிவிட்டது. ஹயர் வான், தனியார் பஸ், கல்யாணக் கார், கடைசியில் ஓட்டோவரை சீற்றுக்குக் கீழே இன்னொரு பற்றறி ஏறிவிட்டது.

முப்பது வருடத்துக்குக் கிட்ட வாகன வயரிங் செய்கிறவன் நான். என் கையாலும் பத்துப் பன்னிரண்டு வாகனங்களுக்கு இரண்டாவது பற்றறி பூட்டியிருக்கிறேன், காசும் வாங்கியிருக்கிறேன். அது பிழையான வேலை. இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிற வாகனத்தில் இரண்டாவது பற்றறி பாட்டுக்குத் தொடர்ந்து ஒரு வாற்கூடக் கூட்டித் தராது. இருக்கிற மின்சாரத்தில் தன் பங்குக்குக் கொஞ்சத்தை எடுத்துக்கொள்ளும்.

இந்த நம்பிக்கை எங்களிடம் இவ்வளவு ஆழமாகப் போனதற்குக் காரணம் இருக்கிறது. 1990 இல் போரோடு குடாநாட்டில் மின்சாரம் நின்றபோது எனக்குப் பத்து வயது. பொருளாதாரத் தடைப் பட்டியலில் பெற்றோல், சீமெந்து போல ரோச்லைற் பற்றறிச் செல்லும் இருந்தது. வீட்டு முற்றத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின் சில்லில் டைனமோவை முட்டவைத்து, மாமா பெடலைக் கையால் சுற்றுவார். டைனமோவில் வருவது மாறி மாறிப் பாய்கிற மின்சாரம்; நாலு டையோட்டைக் கோர்த்து அதை நேராக்கி ரேடியோவுக்குக் கொடுப்போம். இரவு ஒன்பதே காலுக்கு பிபிசி தமிழோசை. ஒழுங்கையில் இருக்கிற ஏழெட்டு வீட்டுச் சனமும் குந்தியிருக்கும். மாமாவின் கை களைத்தால் செய்தி வாசிக்கிறவரின் குரல் தேய்ந்து அடங்கும். "சுத்துங்கோ, சுத்துங்கோ" என்று எல்லாரும் கத்துவோம். வேகம் பிடித்ததும் குரல் திரும்பி எழும்பும்.

அந்த முற்றத்தில் நான் பார்த்த அளவுக்குத் தெளிவாக இந்தப் பாடத்தை எந்தப் புத்தகத்திலும் பிறகு படிக்கவில்லை. சத்தம் சுற்றுகிற கையிலிருந்து வந்தது. கை களைத்த நேரத்தில் பக்கத்தில் இன்னொரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தால் குரல் எழும்பியிராது.

அதே வருடங்களில் இன்னொரு காட்சியும் இருந்தது. கார் ஓட எரிபொருள் இல்லாத வீடுகளில் பற்றறியைக் கழற்றி உள்ளே வைத்திருந்தார்கள். விசேஷ இரவுகளில் அதில் சின்னக் கறுப்பு வெள்ளை ரீவி ஓடும். ஒரு பற்றறி இருந்தால் ஒரு படம். இரண்டு இருந்தால் இரண்டு படம். பற்றறி வைத்திருந்தவர் ஊரில் பெரிய ஆள். அங்கே எதுவும் சுற்றவில்லை. முன்பே சேர்த்து வைத்ததைச் செலவழித்தோம், அவ்வளவுதான். அதனால் இரண்டு பற்றறி என்றால் இரட்டிப்புப் பலம் என்ற கணக்கு அன்றைக்குச் சரியாக இருந்தது. 2022 இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை மின்வெட்டு வந்தபோதும் சரியாக இருந்தது. காற்றாடிக்கும் வைபைக்கும் கார் பற்றறியை வீட்டுக்குள் தூக்கியவர்கள் கனபேர். நின்ற வாகனத்தின் கணக்கை ஓடுகிற வாகனத்துக்குக் கொண்டுபோனதில்தான் பிழை தொடங்கியது.

ஓடுகிற வாகனத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒரு ஈய அசிட் பற்றறிக்குள் ஆறு செல். ஒவ்வொன்றும் இரண்டு வோல்ற்றுக்குச் சற்று மேல். முழுக்கச் சார்ஜ் ஏறிய பற்றறி சும்மா இருக்கும்போது 12.7 வோல்ற் காட்டும். இஞ்சினை எழுப்பினால் ஒல்ரனேற்றர் சுற்றத் தொடங்கி முழு வயரிங்கையும் 13.8 இலிருந்து 14.4 வரைக்கும் தூக்கிவிடும். தண்ணி மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும். பதினாலில் நிற்கிற லைனுக்கு 12.7 இல் நிற்கிற பற்றறியால் தொடர்ந்து எதையும் கொடுக்க முடியாது, அது வாங்கிக்கொண்டிருக்கும். லைனின் அழுத்தம் பற்றறியின் மட்டத்துக்கு விழுந்த பிறகுதான் பற்றறி கைகொடுக்க வரும். அந்த நேரம் லைற் ஏற்கெனவே மங்கிவிட்டது. பற்றறி வேலைசெய்யத் தொடங்குவதன் அடையாளமே அந்த மங்கல்தான்.

தோட்டக்காரர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுகம். ஒல்ரனேற்றர் கிணற்று ஊற்று, பற்றறி தொட்டி. வெங்காயப் பாத்திக்குத் தண்ணி காணாது என்றால் புன்னாலைக்கட்டுவனில் எவரும் இரண்டாவது தொட்டி கட்ட மாட்டார்கள். ஊற்றைப் பார்ப்பார்கள், பைப் எங்கே அடைத்திருக்கிறது என்று பார்ப்பார்கள், பாத்தி கட்டிய விதத்தைப் பார்ப்பார்கள். இரண்டு தொட்டி இருந்தால் அதே ஊற்று இரண்டையும் நிரப்ப வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்தத் தோட்டக்காரரின் மகன் வாகனம் எடுத்ததும் இந்த அறிவு எங்கே போகிறது என்பதுதான் என் கவலை.

மறுபக்கத்தின் வலுவான வாதத்தை மறைக்க மாட்டேன். "நான் போட்டனான், வித்தியாசம் தெரிஞ்சது" என்கிறார்கள். பொய் சொல்லவில்லை, தெரிந்திருக்கும். ஏன் தெரிந்தது என்று கேட்க வேண்டும். இரண்டாவது பற்றறி பூட்டுகிறபோது வயர்மன் முன்னிருந்து பின்னுக்குப் புதுத் தடித்த வயர் இழுக்கிறார். ஏர்த்துக்குப் புதிய போல்ற் போடுகிறார். மூன்று வருடம் உழைத்து உள்ளே செத்துப்போன பழைய பற்றறிக்குப் பக்கத்தில் புதியது ஒன்று வந்து அதன் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. மூன்று காரியம் ஒன்றாக நடக்கிறது. பேர் மட்டும் ஒன்றுக்குப் போகிறது. அந்தத் தடித்த வயரையும் ஏர்த்தையும் அப்படியே விட்டுவைத்து, பழைய பற்றறி இருந்த இடத்தில் நல்ல பற்றறி ஒன்றை வையுங்கள். அதே வித்தியாசம் தெரியும்.

2025 தொடக்கத்தில் ஒரு பெடியன் டொல்பின் வான் ஒன்றைக் கொண்டுவந்தான். மடுக் கோயிலுக்கும், நயினாதீவு போகிறவர்களோடு குறிகட்டுவான் இறங்குதுறைக்கும் ஹயர் ஓடுகிற வான். பின்னுக்கு இரண்டு பன்னிரண்டு அங்குல சப்வூபர், ஒரு பெரிய அம்பிளிபயர். முன் சீற்றில் பெட்டி பிரிக்காத எழுபது அம்பியர்-மணிப் பற்றறி.

"மாமா, இதைப் பூட்டித் தாங்கோ. பேஸ் விழேக்க ஹெட்லைற் கண் சிமிட்டுது. அம்பும் இடைக்கிடை நிண்டுபோகுது."

"முதல்ல ஒருக்கா அளந்து பாப்பம் தம்பி. பிறகு பூட்டுறதைப் பாப்பம்."

இஞ்சினைக் கொஞ்சம் ஏற்றி வைத்து, அவன் வழமையாகக் கேட்கிற அளவுக்குப் பாட்டைப் போடச் சொன்னேன். மல்ரி மீற்றரைப் பற்றறி முனையில் வைத்தேன்: 13.9. பின்னுக்குப் போய் அம்பின் முனையில் வைத்தேன்: 11.9. முழுதாக இரண்டு வோல்ற் வழியில் தொலைந்திருந்தது. பிறகு மீற்றரின் ஒரு காலை முன் பற்றறியின் மைனசிலும் மற்றதை அம்பின் ஏர்த் முனையிலும் வைத்தேன். 1.2 காட்டியது. பாதிக்கு மேல் களவு ஏர்த்தில்தான்.

தரை விரிப்பைத் தூக்கினோம். ஏர்த் வயர் பின் சீற்றின் போல்ற்றில் முறுக்கியிருந்தது. போல்ற்றைக் கழற்றினால் வளையத்துக்குக் கீழே பெயின்ற் பளபளவென்று அப்படியே இருக்கிறது. இரும்பைத் தொட்டது போல்ற்றின் மரை மட்டும், அதிலும் துரு. மட்டத்தாளால் ஒரு ரூபா நாணயத்தின் அளவுக்கு வெள்ளை இரும்பு தெரியும்வரை உரசி, புது வளையம் அடித்து இறுக்கினேன். அம்பில் 12.9 ஆனது. அடுத்தது பிளஸ் வயர். பார்க்கப் பெருவிரல் பருமன்; மேலே தடித்த பிளாஸ்ரிக். பிளேட்டால் ஒரு இழையைச் சுரண்டினேன். செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளை வந்தது. செம்பு பூசின அலுமினியம். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, இருபத்தைந்து சதுர மில்லிமீற்றர் சுத்தச் செம்பு வயர் இழுத்து, பற்றறிக்குப் பக்கத்திலேயே பியூசும் போட்டேன். 13.5.

சுவருக்கு முன்னால் வானை நிறுத்தி ஹெட்லைற்றைப் போட்டு அதே பாட்டை அதே அளவில் விட்டோம். சுவரில் விழுந்த வெளிச்சம் அசையவில்லை. அம்ப் நிற்கவில்லை. 11.9 இலிருந்து 13.5 க்கு ஏறினால் சாதாரண அம்பிளிபயர் ஒன்று கொடுக்கக்கூடிய சக்தி கால்பங்குக்கு மேல் கூடும். அந்தக் கால்பங்கு புதிதாக எங்கிருந்தும் வரவில்லை. அவன் ஒல்ரனேற்றர் ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததுதான். வழியில் சூடாகிப் போனது.

இது அதிசயம் இல்லை. நாலு மீற்றர் நீளம், எட்டுச் சதுர மில்லிமீற்றர் பருமன் உள்ள நல்ல செம்பு வயருக்குள் எண்பது அம்பியரை விட்டால் 0.7 வோல்ற் விழும். அதே பருமனில் செம்பு பூசின அலுமினியம் என்றால் ஒரு வோல்ற்றையும் தாண்டும். இருபத்தைந்து சதுர மில்லிமீற்றர் செம்பில் 0.2 தான். பின்னுக்கு இரண்டாவது பற்றறி வைத்தாலும் அது சார்ஜ் ஏற வேண்டியது இதே வயரால்தான்.

வயர் சரியாகியும் லைற் மங்கினால் அடுத்தது ஒல்ரனேற்றர். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. ஐந்து வருடம் குடாநாடு பழைய வாகனங்களை ஒட்டி ஒட்டி ஓடியது. பெல்ற் தளர்ந்திருக்கும், பிரஷ் தேய்ந்திருக்கும், உள்ளே ஒரு டையோட் எரிந்திருக்கும். டையோட் ஒன்று போனால் லைற் எரியும், ஹோர்ன் அடிக்கும், வாகனம் ஓடும், ஆனால் ஒல்ரனேற்றரின் பலத்தில் பெரும் பங்கு போயிருக்கும். இந்த நேரத்தில் இரண்டாவது பற்றறியைப் போட்டால் இரண்டு மூன்று கிழமைக்கு எல்லாம் நல்லாயிருக்கும். காய்ச்சல்காரனுக்குப் பனடோல் கொடுத்து வேலைக்கு அனுப்புகிற மாதிரி. பிறகு ஒரு நாள் கிளிநொச்சியில் இரண்டு பற்றறியும் ஒன்றாகச் சாகும். அதற்குள் ஒல்ரனேற்றரும் இரண்டு பட்டினிப் பற்றறிகளுக்கு ஓயாமல் ஊட்டி எரிந்திருக்கும். கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து வருகிற ரீகண்டிசன் ஒல்ரனேற்றர் யாழ்ப்பாணத்திலும் கிடைக்கிறது. இருப்பதைப் பிரித்து பிரஷ்ஷும் டையோட்டும் மாற்றுகிற கைகளும் இங்கே இருக்கின்றன. பற்றறிக்குப் போகிற காசு முதலில் அங்கே போகட்டும்.

இன்னொன்று ஐட்லிங். நல்லூர்த் திருவிழா நெரிசலில் வாகனம் நின்று நின்று நகரும்போது இஞ்சின் மெதுவாகச் சுற்றும். ஒல்ரனேற்றர் தன் முழுப் பலத்தில் பாதியைக்கூடத் தராது. ஏசி, ஹெட்லைற், பாட்டு மூன்றும் அந்தப் பாதியைத்தான் பிய்த்துக்கொள்ள வேண்டும். அந்த இடத்தில் பாட்டைக் குறைப்பதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை. தேர் பார்க்க வந்த சனத்துக்கும் அது நல்லது.

பெட்டியில் அச்சடித்த வாற்றை நம்பித்தான் பாதிப் பேர் இரண்டாவது பற்றறிக்கு ஓடுகிறார்கள். "ரெண்டாயிரம் வாற் அம்ப், ஒரு பற்றறி எப்பிடிக் காணும்?" அம்பைத் திருப்பிப் பாருங்கள். பின்னுக்கு இரண்டு இருபத்தைந்து அம்பியர் பியூஸ் செருகியிருக்கும். ஐம்பது அம்பியர், 13.8 வோல்ற், பெருக்கினால் அறுநூற்றுத் தொண்ணூறு வாற். அது உள்ளே போகக்கூடிய அளவு. டி வகுப்பு அம்ப் அதில் எண்பது வீதத்தைச் சத்தமாக்கும், மிச்சம் சூடு. கிடைப்பது ஐந்நூற்றைம்பது. பழைய ஏபி வகுப்பு என்றால் நானூறு. அதுவும் உச்சத்தில், பாட்டு எப்போதும் உச்சத்தில் இருப்பதில்லை. சாதாரணமாகக் கேட்கும்போது சராசரி இழுவை அதில் மூன்றில் ஒன்றுக்கும் குறைவு. பியூஸ் பொய் சொல்லாது. பெட்டி சொல்லும்.

பற்றறிக்குப் பதிலாகச் சிலர் பூட்டுகிற கப்பாசிற்றர் பற்றி இரண்டு வரி போதும். ஒரு பராட் கப்பாசிற்றர் பதினாலு வோல்ற்றிலிருந்து பதின்மூன்றுக்கு இறங்கும்போது கொடுப்பது 13.5 யூல். ஐந்நூறு வாற் இழுக்கிற அம்புக்கு அது ஒரு விநாடியில் முப்பதில் ஒரு பங்குகூடச் செல்லாத தீனி. அதன் நீல லைற் அழகாக இருக்கும். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

அமெரிக்காவைக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே கார்ச் சத்தப் போட்டிகளில் ஒரு வாகனத்துக்குள் ஐந்து, பத்துப் பற்றறி அடுக்கியிருப்பதை வீடியோவில் பார்த்துவிட்டு வருகிறார்கள். அந்தப் போட்டியில் சத்தம் சில விநாடிதான். அந்தச் சில விநாடிக்கு ஒல்ரனேற்றரால் கொடுக்க முடியாததைப் பற்றறி கொடுக்கிறது. முடிந்ததும் சார்ஜரில் போடுகிறார்கள். பருத்தித்துறைக்கு ஒரு மணிநேரம் பாட்டோடு போகிற 750 ஆம் இலக்க பஸ்ஸுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

பலருக்குப் பிடிக்காத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். சத்தம் கூட்டுவதற்கு வாற்றைக் கூட்டுவதே நீண்ட வழி. வாற்றை இரட்டித்தால் மூன்று டெசிபல் கூடும். காதுக்கு அது மட்டுமட்டாகத் தெரியும். சத்தம் இரட்டித்ததாகக் காது உணர வேண்டுமென்றால் பத்து டெசிபல் வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாற். பத்து மடங்குக்கு எத்தனை பற்றறி வைப்பீர்கள்? ஒரு வாற்றுக்கு மூன்று டெசிபல் கூடுதலாகப் பாடுகிற ஸ்பீக்கரை வாங்கினால் பாதி மின்சாரத்தில் அதே சத்தம். அந்த எண் ஸ்பீக்கரின் பெட்டியிலேயே எழுதியிருக்கிறது, ஒருவரும் வாசிப்பதில்லை.

இதற்குச் சாட்சி தினமும் எங்கள் ஒழுங்கைக்குள் வருகிறது. பாண் ஓட்டோ. பீதோவனின் அந்தப் பழைய மெட்டைப் போட்டுக்கொண்டு பின்னேரம் வரும். மூன்று ஒழுங்கை தள்ளி வரும்போதே பிள்ளைகள் காசு கேட்கத் தொடங்கிவிடும். அதற்கு இரண்டாவது பற்றறி இல்லை, பெரிய அம்ப் இல்லை. கூரையில் ஒரு சின்ன ஹோர்ன் ஸ்பீக்கர், உள்ளே சில வாற். மரண அறிவித்தல் சொல்லிக்கொண்டு ஊரூராகப் போகிற ஓட்டோவும் அப்படித்தான். ஹோர்ன் என்பது கொஞ்ச மின்சாரத்தை நிறையச் சத்தமாக்கும் அமைப்பு. பேஸ் அதில் வராது என்பது தெரியும். காருக்குள் ஹோர்ன் பூட்டச் சொல்லவும் இல்லை. ஸ்பீக்கரும் அதன் பெட்டியும்தான் சத்தத்தைத் தீர்மானிக்கின்றன என்பதற்கு அந்த ஓட்டோ போதும். பலகையைச் சரியான கன அளவில் வெட்டி, மூட்டுகளைக் காற்றுப் போகாமல் அடைத்து நல்ல பேஸ் பெட்டி செய்யத் தெரிந்த தச்சர் அகப்பட்டால் அவருக்குக் கொடுக்கிற கூலி இரண்டு பற்றறிக்கு மேல் பெறுமதி.

சரி, இஞ்சினை நிறுத்திவிட்டுக் கேட்கிறவர்கள்? அவர்களுக்கு இரண்டாவது பற்றறி நிச்சயமாக நேரத்தைக் கூட்டும். மறுக்கவில்லை. அந்த நேரத்தின் விலையைக் கணக்குப் பார்க்கிறவர்கள் இல்லை என்பதுதான் என் வழக்கு. காரைநகர் கசூரினாக் கடற்கரைக்கு ஞாயிற்றுக்கிழமை போகிறீர்கள். இரண்டு மணிநேரம் பாட்டு. சராசரி இருபது அம்பியர். நாற்பது அம்பியர்-மணி போய்விட்டது. அதைத் திருப்பி ஏற்ற நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு வேண்டும், ஏற்றும்போதும் கொஞ்சம் சூடாகப் போவதால். யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப முக்கால் மணிநேரம். ஹெட்லைற்றும் ஏசியும் போக ஒல்ரனேற்றரில் இருபது அம்பியர் மிஞ்சினால் பதினைந்துதான் ஏறியிருக்கும். திரும்பும்போதும் பாட்டு ஓடினால் அதுவும் இல்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம், கந்தோர், சந்தை. இரண்டு கிலோமீற்றர், மூன்று கிலோமீற்றர். ஒவ்வொரு முறை ஸ்ராற் எடுக்கவும் ஒரு கவளம் போகும். குடாநாட்டின் ஓட்டங்கள் குறுகியவை. நகரத்திலிருந்து காங்கேசன்துறைக்கே இருபது கிலோமீற்றர் இல்லை. பற்றறியின் கடைசி இருபது வீதம் மணிக்கணக்காகத்தான் ஏறும், எந்த ஒல்ரனேற்றராலும் அதை அவசரப்படுத்த முடியாது. இரண்டு பற்றறியும் கிழமைக்கணக்கில் அரைவயிற்றோடு நிற்கின்றன. அரைவயிற்றோடு நிற்கிற ஈயத் தகடுகளில் வெள்ளைப் படிகம் இறுகும். இறுகியது பிறகு கரையாது. மேலே எங்கள் வெயில். வழமையான சூட்டைவிடப் பத்துப் பாகை கூடினால் பற்றறியின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் உள்ள பழைய கணக்கு. ஸ்ராற் எடுக்கவென்று செய்த பற்றறி மெல்லிய தகடுகள் கொண்டது. ஒரு நொடி பெரிதாகக் கொடுத்துவிட்டு உடனே நிரம்ப வேண்டியது. அதை மணிக்கணக்காக வடிப்பது அதன் வயிற்றில் அடிப்பது.

"போட்டா என்ன கெட்டுப்போகும்?" என்று கேட்கிறவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். பழையதும் புதியதும் நேரடியாக இணைந்தால், இஞ்சின் நிற்கிற இரவு முழுதும் பழையது புதியதை உறிஞ்சும். இடையில் ரிலே போட வேண்டும். பெரும்பாலான வாகனங்களில் இல்லை. சீற்றுக்குக் கீழே வைக்கிற தண்ணிப் பற்றறி சார்ஜ் ஏறும்போது ஐதரசன் விடும். காற்றில் நாலு வீதம் சேர்ந்தால் ஒரு பொறி போதும். கண்ணாடி ஏற்றி ஏசி போட்ட வானுக்குள், பிள்ளைகள் இருக்கிற சீற்றுக்குக் கீழே அதை வைக்கிறோம். முன்னிருந்து பின்னுக்கு ஓடுகிற பிளஸ் வயரின் இரண்டு முனையிலும் இப்போது பற்றறி. நடுவில் தகடு உரசி வயர் வாகனத்தின் இரும்பு உடலைத் தொட்டால் இரண்டு பக்கமிருந்தும் பாயும். இரண்டு முனையிலும் பியூஸ் இல்லாத வயரிங்கை நான் எத்தனையோ கழற்றியிருக்கிறேன். ஒன்றில் விரிப்பு கருகி ஓட்டை விழுந்திருந்தது. ஓட்டையின் மேல் ஒரு பிள்ளையின் செருப்பு கிடந்தது.

எனக்கு எல்லாவற்றிலும் பெரிய கவலை செத்த பற்றறி போகிற இடம். ஒரு கார் பற்றறியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். பழைய இரும்பு வாங்க வருகிறவர் ஈயத்துக்கு விலை போடுகிறார். அசிட் அவருக்குச் சுமை. அதை எங்கே ஊற்றுகிறார்கள்? மதிலோரத்தில். எங்கள் மதிலோர மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல்; அசிட் பட்டால் நுரைத்துக் கரைகிற கல். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத நிலம் இது. குடிப்பதும் குளிப்பதும் வெங்காயத்துக்கு இறைப்பதும் அந்தக் கல்லுக்குள் தங்கிய மழைநீரைத்தான். சுன்னாகத்தில் அனல் மின்நிலையத்தின் கழிவு எண்ணெய் கிணறுகளில் மிதந்ததைப் பார்த்தோம். உயர் நீதிமன்றம் 2019 இல் இரண்டு கோடி ரூபா நட்டஈடு கொடுக்கச் சொன்னது. அது மின்சாரம் செய்யப்போய் வந்த கேடு. ஊற்றிய அசிட்டோடு வருகிற ஈயக் கசடு முற்றத்து மண்ணில் தங்கும், அந்த மண்ணில் பிள்ளைகள் விளையாடும். ஈயத்தில் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. தேவையில்லாமல் பூட்டுகிற ஒவ்வொரு பற்றறியும் இரண்டு மூன்று வருடத்தில் அந்த மதிலோரத்துக்கு வரும்.

ஆகவே பற்றறிக் கடைக்குப் போக முன்னம் ஒரு மல்ரி மீற்றரை எடுங்கள். பாட்டு ஓடும்போது பற்றறி முனையை அளந்து பாருங்கள். அங்கே பதின்மூன்றரைக்கு மேல் இருந்து அம்பில் குறைவாக இருந்தால் வயரும் ஏர்த்தும் குற்றவாளிகள். பற்றறி முனையிலேயே பதின்மூன்றுக்குக் கீழே விழுந்தால் ஒல்ரனேற்றரையும் பெல்ற்றையும் பாருங்கள். இரண்டும் நன்றாக இருந்தும் காணவில்லை என்றால் உங்கள் ஸ்பீக்கர் மின்சாரத்தைத் தின்று சூடாக்குகிறது. நின்ற இடத்தில் மணிக்கணக்காக ஒலிபெருக்கி ஓட்டுவதே தொழிலானவர்களுக்கு, அதாவது கூட்டங்களுக்குப் போகிற வாகனக்காரருக்கும் நடமாடும் வியாபாரிக்கும், இரண்டாவது பற்றறி பொருந்தும். ஆழமாக வடிந்தாலும் தாங்குகிற வகையாக, ரிலேயும் இரண்டு பியூசும் போட்டு, சனம் இருக்கிற இடத்துக்கு வெளியே, இரவில் வீட்டுக் கரண்டில் சார்ஜ் ஏற்றுகிற வசதியோடு. அவர்களுக்கு நானே பூட்டிக் கொடுப்பேன்.

டொல்பின் வான்காரப் பெடியன் அந்தப் புதுப் பற்றறியை என்ன செய்வது என்று கேட்டான். கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். "வீட்டில ஆர் தம்பி இருக்கினம்?" என்று கேட்டேன். அம்மா தனிய என்றான். ஒரு சின்னச் சார்ஜரும் இரண்டு 12 வோல்ற் எல்ஈடி பல்ப்பும் வாங்கச் சொல்லி, குசினிக்கு ஒன்றும் விறாந்தைக்கு ஒன்றுமாக வயர் இழுத்துக் கொடுத்தேன். அந்த வருடம் பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை நாடு முழுதும் கரண்ட் போனது. அதற்கடுத்த நாள்களிலும் ஒன்றரை மணிநேரம் வெட்டினார்கள். திங்கள் இரவு அவன் போன் எடுத்தான். அம்மா குசினியில் புட்டு அவித்துக்கொண்டிருக்கிறா, பல்ப் எரியுது மாமா என்றான்.